கேளுங்கள், சொல்கிறோம்: கிரெடிட் ஏன் இன்னும் ஏறவில்லை?

கேள்வி: வணக்கம் சார். வீட்டுக் கணினிகளை ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு உதவ வைக்கும் பாயிங்க் (BOINC) புரோகிராமை என் மகன் போட்டுக் கொடுத்தான், அதில் விண்வெளித் தரவை அலசும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டம் ஓடுகிறது. ஐந்து நாளில் எட்டு வேலை முடித்து அனுப்பிவிட்டேன், ஆனால் வேலைக்குத் தரும் புள்ளியான கிரெடிட் பூஜ்யம். எல்லாமே நிலுவை என்று நிற்கின்றன. நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

பதில்: ஒரு தப்பும் இல்லை. உங்களுக்கு வந்த அதே வேலை, முன்பின் தெரியாத வேறொருவரின் கணினிக்கும் போயிருக்கிறது. இரண்டு விடையும் சர்வருக்கு வந்து, ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் இருவருக்கும் கிரெடிட். உங்கள் கணக்குப் பக்கத்தில் அந்த வேலையின் எண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வரியில் உங்கள் கணினி, முடிந்தது என்று இருக்கும். அடுத்த வரியில் அந்த இன்னொருவர், அவருக்கான கெடு தேதியோடு. அவர் கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். கெடு தாண்டினால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவார்கள், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் உழைப்பு எங்கும் போய்விடாது.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று நினைக்காதீர்கள், வீட்டுக் கணினிகள் தப்பான விடை தருவது சாதாரணம். போன கோடையில் என் கணினி அனுப்பிய ஐந்தாறு வேலைகள் செல்லாது என்று திரும்பி வந்தன. திறந்து பார்த்தால் விசிறியில் பஞ்சுமாதிரி தூசி, சூட்டில் கணக்கே பிசகியிருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகு சரியாகிவிட்டது. இரண்டாவது ஆள் இல்லையென்றால் அந்தத் தப்பு விடைகள் ஆராய்ச்சிக்குள் போயிருக்கும், நினைத்தாலே பகீரென்கிறது.

கேள்வி: ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு வேலை? என் நண்பனிடம் இருப்பதும் என்னுடைய மாதிரிக் கணினிதான், ஆனால் வேறொரு திட்டத்தில் அவனுக்குப் பல மடங்கு ஏறுகிறது. இது நியாயமா?

பதில்: அளவு என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் (SETI@home) திட்டத்தில் இருந்த ஜெஃப் காப் பெயரால் அதற்குக் காபிள்ஸ்டோன் என்று பெயர். நொடிக்கு 100 கோடி தசமக் கணக்குகள் போடும் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 43,200 கோடி கணக்கு.

சிக்கல், அதை எப்படி அளப்பது என்பதில்தான். 1999-இல் செட்டி தொடங்கியபோது முடித்த துண்டுகளை மட்டும் எண்ணினார்கள், துண்டு பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை. பாயிங்க் வந்த பிறகு கணினியின் வேகத்தைச் சோதித்து, ஓடிய நேரத்தால் பெருக்கி, எனக்கு இவ்வளவு என்று கணினியே கேட்கும் முறை வந்தது. வேகச் சோதனையைத் திருத்தி அதிகம் கேட்டவர்கள் உண்டு, அதனால் இருவர் கேட்டால் குறைந்ததையும் மூவர் கேட்டால் நடுவில் இருப்பதையும் கொடுத்தார்கள். ஏமாற்று குறைந்தது, ஆனால் வேறோர் அநியாயம் முளைத்தது: புரோகிராமைச் சீராக்கி அதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்தவருக்குக் கிரெடிட்டும் பாதியாகிவிட்டது! 2010-இல், சர்வரே பழைய வேலைகளின் சராசரியைப் பார்த்துக் கணக்கிடும் புதிய முறை வந்தது. அதிலும் ஒரே மாதிரி இரண்டு வேலைக்கு வேறு வேறு கிரெடிட் வருகிறது என்ற புகார் ஓயவில்லை.

அதனால் பல திட்டங்கள், இந்த வகை வேலைக்கு இவ்வளவு என்று தாங்களே நிர்ணயித்துவிட்டன. எனக்குப் பிடித்தது அதுதான், வேலையைத் தொடங்கும்போதே கூலி தெரிந்துவிடுகிறது. ஆனால் திட்டத்துக்குத் திட்டம் தாராளம் மாறும். பாயிங்க்கில் ஓடும் இன்னொரு திட்டமான வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டில் ஒரு பாயிங்க் கிரெடிட்டை 7 புள்ளியாகக் காட்டுவார்கள், பாயிங்க்குக்கு வெளியே இருக்கும், புரதங்கள் மடிவதை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமில் சீக்கிரம் திருப்பினால் போனஸ் உண்டு, ஏனென்றால் அங்கே இந்த விடையிலிருந்துதான் அடுத்த வேலையே பிறக்கிறது. ஆகவே நண்பரோடு ஒப்பிடுவதானால் இருவரும் ஒரே திட்டத்தில் இருங்கள், இல்லையென்றால் ரூபாயையும் யென்னையும் தொகை பார்த்து ஒப்பிடுகிற கதைதான்.

கேள்வி: கிளைமேட் பிரெடிக்‌ஷன் திட்டத்தில் ஒரே வேலை பல நாளாக ஓடுகிறது. நடுவில் நின்றுபோனால் அத்தனையும் வீணா?

பதில்: இல்லை. காலநிலையைக் கணித்துக் காட்டும் மாதிரி (மாடல்) ஓட ஓட, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று கணினி அவ்வப்போது சிறு தகவல் அனுப்பும். அந்தத் தகவல்களுக்கு ஏற்பவே கிரெடிட், ஆகவே நின்ற இடம்வரை உங்களுடையதுதான்.

கேள்வி: பிள்ளைகளின் பரீட்சைக்காக இரண்டு வாரம் நிறுத்தி வைத்தேன். என் கிரெடிட்டைக் குறைத்துவிட்டார்களே!

பதில்: குறைந்தது அண்மைச் சராசரி மட்டும், அதாவது சமீபத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு ஏறியது என்ற கணக்கு. வேலை எதுவும் வராவிட்டால் அது வாரத்துக்குப் பாதியாகும்: 4,000 இருந்தால் ஒரு வாரத்தில் 2,000, அடுத்த வாரம் 1,000. மொத்தக் கிரெடிட்டைப் பாருங்கள், அப்படியே இருக்கும். பிள்ளைகள் நன்றாக எழுதட்டும், அப்புறம் ஓட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: இதைப் பணமாக்க முடியுமா?

பதில்: ஐன்ஸ்டீனோ மற்ற ஆராய்ச்சித் திட்டங்களோ காசு தருவதில்லை, கரன்ட் பில்லும் உங்களுடையதுதான். இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். ஆனால் 2010-இல் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஐன்ஸ்டீன் அட் ஹோம் ஒரு புதிய பல்சரை, அதாவது வேகமாகச் சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தது. அதைப் பிடித்தவை அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும். கண்டுபிடித்தவர்கள் என்று அந்த மூவரின் பெயரையும் அறிவித்தார்கள்.