லித்தியம் எவ்வளவு வேண்டியிருக்கும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: மின்வாகனங்கள் இரு மடங்கானால் லித்தியம் தேவையும் இரு மடங்காகுமா?

அவசியமில்லை. வண்டிகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெரிய பேட்டரி என்பதுதான் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கத் தோராயமாக 100 கிராம் லித்தியம் வேண்டும். 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டருக்கு 300 கிராம். 60 யூனிட் காருக்கு 6 கிலோ. அமெரிக்காவின் ராட்சத வண்டியான மின் ஹம்மரில் இருப்பதோ 200 யூனிட்டுக்கும் மேல். அறுபது ஸ்கூட்டருக்கு மேல் ஓட்டக்கூடிய லித்தியத்தைப் பெரும்பாலும் ஒரே ஆள் ஓட்டிக்கொண்டு போகிறார்! ‘இத்தனை கோடி வண்டிகள் வரும்’ என்று தொடங்கும் எந்தக் கணிப்பிலும் சராசரி பேட்டரி அளவை என்னவென்று வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன். பெட்ரோல் எஞ்சினோடு சார்ஜ் செய்யக்கூடிய சிறிய பேட்டரியும் கொண்ட பிளக்-இன் ஹைபிரிட்டின் பங்கு கூடினாலே அந்தச் சராசரி இறங்கிவிடும்.

கேள்வி: எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பரவினால் லித்தியம் மிச்சமாகுமா?

ஆகாது. அதில் இல்லாதவை நிக்கலும் கோபால்ட்டும்தான். லித்தியம் ஏறக்குறைய அதே அளவு. அது மலிவு என்பதால் வண்டி விற்பனை கூடி, தேவை ஏறவே வாய்ப்பு.

கேள்வி: சோடியம் அயனி பேட்டரி வந்துவிட்டால்?

லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் இயங்குவதால், லித்தியத்தின் இடத்தை நிஜமாகவே பிடிக்கக்கூடியது இது. சீனாவின் பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். 2021-ல் அறிமுகம் செய்த முதல் வகை, கிலோவுக்கு 160 வாட்-மணி கொள்ளும் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). சிறிய கார்களுக்கும், சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையங்களுக்கும் அது போதும். ஆனால் அதன் தலையெழுத்து லித்தியம் விலையின் கையில் இருக்கிறது. சீனச் சந்தையில், பேட்டரி செய்ய வாங்கப்படும் லித்தியம் உப்பான லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. அப்போது எல்லோரும் சோடியத்தைப் பற்றிப் பேசினார்கள். 2023 இறுதியில் விலை சுமார் 1 லட்சத்துக்கு விழுந்ததும் அந்த வேகம் தணிந்தது. லித்தியம் மறுபடி எகிறினால் சோடியமும் எழுந்துவரும். அதனால்தான் விலை, தேவை இரண்டையும் தனித்தனியே கணிப்பதை நான் நம்புவதில்லை.

கேள்வி: பழைய பேட்டரிகளிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியாதா?

முடியும், ஆனால் இப்போதைக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 2024-ல் உலகில் 1.7 கோடிக்கும் மேற்பட்ட மின்கார்கள் விற்றன. பத்தாண்டுக்கு முன் விற்றவை சில லட்சம்தான். இன்று உடைக்க வருவது அந்தச் சில லட்சம். ஐரோப்பிய ஒன்றியமே 2031-லிருந்து புதிய வாகன பேட்டரியில் 6 சதவீத லித்தியம் மறுசுழற்சியில் வந்ததாக இருந்தால் போதும் என்கிறது.

கேள்வி: காஷ்மீரில் 59 லட்சம் டன் கிடைத்ததே?

ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 2023 பிப்ரவரியில் அறிவித்த அந்த அளவு தாதுவுடையது, லித்தியத்துடையது அல்ல. அதுவும் ஆரம்பநிலை மதிப்பீடு. சுரங்க உரிமையை ஏலம் விட்டபோது கேட்கப் போதிய ஆட்கள் வரவில்லை.