பட்டறைப் பதில்கள்: கேஏ நம்பர் வண்டி மதுரைக்கு வந்தால்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மச்சான், 2020இல் வாங்கிய 150 சிசி பைக்கை எனக்கு விலைக்குக் கொடுத்தார். கேஏ 51 நம்பர். சாவியையும் ஆர்சியையும் வாங்கிக்கொண்டு ஓசூர், சேலம், கரூர் வழியாக ஓட்டியே வந்துவிட்டேன். மூன்று மாதமாகிறது. "ஒரு வருஷம் வரைக்கும் எதுவும் செய்ய வேண்டாம்" என்கிறார்கள். சரியா அண்ணே?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: சரியில்லை தம்பி. அந்த ஒரு வருஷக் கணக்கை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் ஆரப்பாளையத்தில் என் பட்டறைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். 12 மாதம் என்பது நம்பர் மாற்றுவதற்குச் சட்டம் தந்த கெடு. வெளிமாநில வண்டியை அதற்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு அந்தக் கெடு கிடையாது. விலை கொடுத்து வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்துக்கு அபராதம் வரும், கட்டிவிடுங்கள். இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் வேண்டியது என்ஓசி, அதாவது பழைய ஆர்டிஓ ஆபீஸ் தரும் தடையில்லாச் சான்று. அதை மச்சான்தான் வாங்க வேண்டும், உங்களால் முடியாது. பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஆர்சியில் பதிந்திருக்கும் அவர் போனுக்குத்தான் ஓடிபி போகும். அதற்குப் படிவம் 28. வண்டிக்குக் கடன் இருந்திருந்தால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35 கொடுத்து அதை ஆர்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும். சிக்னல் தாண்டிய அபராதம் ஏதாவது நிலுவையில் இருந்தாலும் இப்போதே தீர்க்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரதியும் கேட்பார்கள். வண்டி உங்களிடம் இருப்பதால் நீங்களே எடுத்து அனுப்புங்கள். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் வலது பக்கக் கழுத்தில் நம்பர் தெரியும். அங்கே கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய தாளை வைத்து, நகராதபடி இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். அழுத்தினால் தாள் கிழியும். மொத்தம் 17 எழுத்து, எண்ணிப் பாருங்கள். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம். ஆர்சியோடு ஓர் எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

என்ஓசி எந்த ஆர்டிஓ ஆபீஸுக்கு என்பதும் முக்கியம். மதுரையில் தெற்குக்கு டிஎன் 58, வடக்குக்கு 59, மத்திக்கு 64. பல வருஷத்துக்கு முன்னால் கேரளாவில் ஒரு வண்டி வாங்கினேன். என் வீடு எந்த ஆபீஸில் வருகிறது என்று விசாரிக்காமல் வடக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் முகவரி தெற்கில் வருகிறது. அந்த ஒரு வார்த்தையைத் திருத்த மறுபடியும் மலை ஏறி இறங்கினேன், இரண்டு நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. உங்கள் ஆதார் முகவரி எந்த ஆபீஸின் கீழ் வருகிறது என்று விசாரித்த பிறகு மச்சானிடம் சொல்லுங்கள்.

என்ஓசி வந்ததும் புது நம்பர் கேட்கும் படிவம் 27, பிறகு 29, 30, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றோடும் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோங்கள். ஆயுள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும் கையில் பணத்தோடு போவது நல்லது. கர்நாடகாவில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கை மச்சான் திரும்பக் கேட்கலாம். அதற்காகப் புது ஆர்சியின் நகலை அவருக்கு அனுப்பிவையுங்கள். நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வண்டி அடிபட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது.

கேள்வி: என் ஸ்கூட்டரை மூணாறில் கடை வைத்திருப்பவருக்கு விற்று ஏழு மாதமாகிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் ஹெல்மெட் அபராதம் என்று என் போனுக்குச் செய்தி வந்தது. நான் என்ன செய்வது?
(வாசகி, மேலூர்)

பதில்: அக்கா, என்ஓசி இல்லாமல் அவரால் அங்கே பெயர் மாற்ற முடியாது. விற்றவர்தான் அதை 45 நாளுக்குள் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போதைக்கு ஆர்சியில் இருப்பது நீங்கள்தான். அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யார்மீதாவது மோதினால் நஷ்டஈடு வழக்கில் உங்கள் பெயர் வரும். விற்றுவிட்டாலும் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்றே அவருக்குப் போன் செய்யுங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கட்டும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அபராதத்தை அவரைக் கட்டச் சொல்லி ரசீதை வாங்குங்கள். சேஸிஸ் பிரதியும் அவரே எடுத்து அனுப்பட்டும். மூணாறுக்கு தேவிகுளம் ஆபீஸ், கேஎல் 68. அந்த ஆபீஸ் பெயருக்கு என்ஓசி வாங்கித் தபாலில் அனுப்பிவிட்டு, புது ஆர்சியின் போட்டோ வரும்வரை வாரம் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.