மலையில் விடியற்காலை டீ, ஆனால் அன்றைக்கு மட்டும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது, கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறேன். 6 மாதமாக மாதவிலக்கு வந்தால் 12 நாள் வரை நிற்பதில்லை. டி அண்ட் சி செய்து சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் கோவை டாக்டர். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா? எப்போது வேலைக்குப் போகலாம்?

பதில்: எடுக்க மாட்டார்கள் அம்மா. டி அண்ட் சி என்பதில் கர்ப்பப்பையின் வாயைக் கொஞ்சம் விரித்து, உள்ளே இருக்கும் சவ்வை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை, தையலும் இல்லை, பெரும்பாலும் கால் மணி நேர வேலைதான்.

மயக்க மருந்து கொடுப்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். நம் குளிரில் கண் விழித்ததும் கை தானாக டீயைத் தேடும், ஆனால் பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். வெறும் தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஆஸ்துமா, ஒவ்வாமை எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இத்தனை மாதம் ரத்தம் போயிருக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் கேளுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனைச் சரியாகக் காட்ட வேண்டும்.

கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். மயக்கம் தெளிந்த கையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் பஸ் ஏறினால் குமட்டும், குஞ்சப்பனை பக்கம் ராத்திரியில் யானை வேறு நிற்கும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள்.

ஓரிரு நாள் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், டாக்டர் தந்த மாத்திரையும் வெந்நீர்ப் பையும் போதும். லேசான உதிரப்போக்கு 1, 2 வாரம் கூட இருக்கலாம். அதுவரை நாப்கின் மட்டும், தாம்பத்தியம் வேண்டாம். சமையல், துணி மடிப்பு எல்லாம் மறுநாளே முடிந்தால் செய்யலாம், ஆனால் கொழுந்து மூட்டையை டாக்டர் சரி என்று சொல்லும்வரை தூக்காதீர்கள், கூலி போகிறதே என்று மேஸ்திரி கூப்பிட்டாலும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைந்து அப்படியே தொடர்ந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், நாற்றமடிக்கும் வெள்ளை போனால், வலி குறையாமல் ஏறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், பரிசோதனை ரிப்போர்ட். உடம்பு தேறிவிட்டது என்று அதை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இவ்வளவும் செய்வதே அந்தத் தாளுக்காகத்தான், அதை வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.