மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் இடத்தை நம் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆர்என்ஏ பாலிமரேஸ் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது என்று பாடத்தில் இருக்கிறதே, எங்கே தொடங்குவது என்று அதற்கு யார் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் நான். இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துபோவது எனக்குப் பெரிய குறையாகவே படும்.

புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுக்கும் பாலிமரேஸ் 2, 12 புரதங்கள் சேர்ந்த பெரிய நொதி. ஆனாலும் தனியாக விட்டால் தொடக்கம் எது என்று அதற்குத் தெரியாது. வேறு புரதக் கூட்டங்கள் முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைக்க வேண்டும்.

முதலில் வருவது டிஎஃப்2டி. அதற்குள் டிபிபி என்று ஒரு புரதம், குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். தொடக்கப் புள்ளிக்கு 25, 30 எழுத்து (டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி காரங்களைத்தான் எழுத்து என்கிறேன்) முன்னால் டி-ஏ-டி-ஏ, அதாவது 'டாட்டா', என்று வரும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, டிஎன்ஏவை ஏறக்குறைய 80 டிகிரி வளைத்துவிடும். வகுப்புக்கு நான் இரண்டு புரித் தேங்காய்நார்க் கயிறு எடுத்துப்போவேன். கட்டைவிரலை வைத்து அழுத்தி வளைத்தால் அந்த இடத்தில் புரிகள் லேசாக விலகும். கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் இந்த டாட்டா எழுத்துகள் கிடையாது. அங்கே டிஎஃப்2டியின் மற்ற புரதங்கள் வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த எழுத்துகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவைப் பாருங்கள். தொடக்கத்துக்கு 28 எழுத்து முன்னால் ஓர் ஏ, ஜி ஆக மாறினால் போதும், பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை வரலாம். புரதத்துக்கான வரிசை அப்படியே சரியாக இருக்கும்; படியெடுப்பு மட்டும் குறைந்துபோகும்.

அப்புறம் டிஎஃப்2ஏ, டிஎஃப்2பி, கூடவே டிஎஃப்2எஃப்-ஐப் பிடித்துக்கொண்டு பாலிமரேஸ், பிறகு டிஎஃப்2இ என்று வரிசையாக வந்து சேரும். தொலைவில் இருக்கும் ஊக்கிப் புரதங்களின் சேதியை மீடியேட்டர் என்ற இன்னொரு கூட்டம் கொண்டுவந்து சேர்க்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் வரும் டிஎஃப்2ஹெச். 10 புரதங்கள். அதிலுள்ள எக்ஸ்பிபி என்ற புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏவைப் பாலிமரேஸின் வாய்க்குள் தள்ளித் திருகும். கயிற்றின் ஒரு நுனியை மாணவர் இறுக்கிப் பிடிக்க, மறு நுனியை நான் முறுக்குக்கு எதிராகத் திருகுவேன். நடுவில் புரி பிரியும். அப்படித்தான் இரண்டு இழையும் பிரிந்து படியெடுப்பு தொடங்குகிறது. வெயிலால் சிதைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையிலும் இதே எக்ஸ்பிபி இருக்கிறது. அதில் பழுது வந்தால் ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் வரலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு வெயில் பட்டாலே தோல் தாங்காது.

டிஎஃப்2ஹெச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலிமரேஸுக்கு ஏழு அமினோ அமிலங்கள் 52 முறை திரும்பத் திரும்ப வரும் நீண்ட வால் இருக்கிறது. டிஎஃப்2ஹெச்சில் உள்ள சிடிகே7 என்ற நொதி அந்த வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டும். உடனே மீடியேட்டரின் பிடி தளர, பாலிமரேஸ் கிளம்பிவிடும். கிளம்பியும் பல மரபணுக்களில் 20 முதல் 60 எழுத்துக்குள் நின்று, அடுத்த அனுமதிக்காகக் காத்திருக்கும். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.