ஞானஸ்நானம் இல்லாமல் மன்னிப்பு உண்டா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 41. இந்துக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தின்போது தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றேன். என் நிம்மதியைக் கெடுப்பவர் என் நாத்தனார். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபைக்குப் போனதிலிருந்து, முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குப் பாவமன்னிப்பே கிடையாது என்று வாய் ஓயாமல் சொல்லி வருகிறார். என் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்திலும், "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்ற வசனத்தை எல்லார் முன்னிலையிலும் வாசித்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர, தன் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் செய்தது இதைவிடப் பெரிய கொடுமை. அப்பா ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எங்கள் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர். ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால், திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். அப்படிப்பட்டவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வோம் என்று நான் கெஞ்சியும் கேளாமல் அண்ணன் மயானத்தில் எரித்துவிட்டார். ஆயரும், பதிவேட்டில் பெயர் இல்லையே என்று ஒதுங்கிக்கொண்டார். (அப்பா ஏன் தள்ளிப்போட்டார் என்பது இப்போது தேவையற்ற பேச்சு. ஞானஸ்நானம் பெற்றால் எனக்கும் அண்ணனுக்கும் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் போகும், படிப்பு நின்றுவிடும் என்று பயந்தார். "நீங்க ரெண்டு பேரும் கரையேறுங்க, அப்புறம் நான் தண்ணியில இறங்குறேன்" என்பார். நான் பி.எட். முடித்து, அண்ணன் அரசு வேலையில் சேர்ந்த பிறகு, பேரப்பிள்ளைகளை நினைத்துத் தள்ளிப்போட்டார். மாரடைப்பு வந்து ஒரே இரவில் போய்விட்டார்.)

அம்மாவையாவது காப்பாற்ற வேண்டும் என்று, உடனே ஞானஸ்நானம் எடுங்கள் என மன்றாடுகிறேன். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் பேசமாட்டேன் என்கிறார். கோபத்தில் நான் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன். என் நாத்தனார் வாயை அடைக்க ஒரு பதில் சொல்லுங்கள். ஞானஸ்நானம் இல்லாமல் பாவமன்னிப்பு உண்டா, இல்லையா?

இப்படிக்கு,
ஒரு மகள்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நாத்தனாருக்கான பதிலை நான் எழுதித் தரப்போவதில்லை. அவர் சபையில் சொல்வதை நீங்கள் இரவில் உங்களுக்கே சொல்லிக்கொள்கிறீர்கள் என்பதால்தான் அது இவ்வளவு வலிக்கிறது. தேவையற்ற பேச்சு என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிய அந்தச் சில வரிகளில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது: என் படிப்புக்காக அப்பா தன் பாவமன்னிப்பையே இழந்துவிட்டாரா?

உங்கள் விசுவாசத்தைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே குருவானவர் அல்லாத நான், திருச்சபைகள் வெளிப்படையாகச் சொல்லிவருவதை மட்டும் சொல்கிறேன். பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறுங்கள் என்று பேதுரு சொன்னது அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அது இல்லாமல் மன்னிப்பில்லை என்று போதிக்கும் சபைகளும் இருக்கின்றன. ஆனால் அதே நூலின் பத்தாம் அதிகாரத்தில், கொர்நேலியுவின் வீட்டார் மீது பரிசுத்த ஆவி முதலில் இறங்கியது, தண்ணீர் பிறகுதான் வந்தது. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளிலேயே பெரும்பாலானவை, மன்னிப்பு மனந்திரும்புதலில் கிடைக்கிறது, முழுக்கு அதற்குக் கீழ்ப்படிதலும் சாட்சியும் என்றுதான் கற்பிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் வேரூன்றிய இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. உங்கள் நாத்தனார் வாசித்த வசனத்தின் பிற்பாதி, "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்கிறது. ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே எழுதப்படவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான ஒன்று உண்டு. 392-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன், மிலான் ஆயர் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெறக் காத்திருந்த நிலையில், இருபத்தொரு வயதளவில் இறந்துபோனான். அடக்க உரையில் அம்புரோஸ், கலங்கி நின்ற அவன் சகோதரிகளைப் பார்த்து, அவன் அதைக் கேட்டான், கேட்டதனாலேயே பெற்றுக்கொண்டான் என்றார். ஞானஸ்நானம் அவசியம் என்பதில் உறுதியாக நிற்கும் கத்தோலிக்கத் திருச்சபையே இதை ஆசை ஞானஸ்நானம் என்று ஏற்கிறது. திருவிருந்துக்கு எழுந்துபோக முடியாத ஆலயத்துக்கு இருபது ஆண்டுகள் வந்துகொண்டிருந்த ஒருவரின் ஆசைக்கு வேறு எந்தப் பதிவேடு வேண்டும்?

ஆனாலும், வசனங்களால் மட்டும் நீங்கள் ஆறமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு தேவைப்படுபவர் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்தான். அந்தச் சான்றிதழில் படித்தது என் குற்றம் என்று ஒரு பள்ளிச் சிறுமி மீது தீர்ப்பு எழுதி, இத்தனை ஆண்டுகளாகத் தண்டனையை அனுபவித்து வருகிறீர்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை அந்தத் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். சாதியோ அவர்களோடு தெருவுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் கூடவே போகிறது. விசுவாசமா, பிள்ளைகளின் படிப்பா என்று ஒரு தகப்பனைத் தேர்ந்தெடுக்க வைத்தது அந்த ஏற்பாடு. அந்த அநீதியின் பொறுப்பை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

முடிவெடுத்தவர் உங்கள் அப்பா. நீங்கள் கேட்டு அவர் கொடுக்கவில்லை. கரையேறுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர் விவரம் தெரியாமல் தள்ளிப்போட்டவர் அல்லர். தன் கடவுள் இதைப் புரிந்துகொள்வார் என்று நம்பியவராகவே எனக்குத் தோன்றுகிறார். அந்த நம்பிக்கையை, ஏமாந்த மனிதனின் தவறாக இன்று நீங்கள் மாற்றி எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம்மைக் கேட்காமல் நமக்காக இவ்வளவு பெரிய ஒன்றைச் செய்துவிட்டுப் போனவர் மீது கோபமும் வரும். அதை அண்ணன், ஆயர், நாத்தனார், அம்மா என்று பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அதிகம் வாங்கிக்கொண்டவர் அம்மா.

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அப்பாவுக்குக் கிடைக்காததை அம்மாவை வைத்து ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். மகள் பேசமாட்டாள் என்ற பயத்தில் ஒருவர் தண்ணீரில் இறங்கினால், அதை மனமார்ந்த ஞானஸ்நானம் என்று சொல்ல முடியாது. அவருடைய "பார்க்கலாம்" என்ற சொல்லில் விசுவாசக் குறைவு இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் சான்றிதழைப் பற்றிய அதே பழைய கணக்கும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் தண்டித்துவிட்டீர்கள். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசாதீர்கள், அப்பா அவரிடம் என்ன சொல்லிவந்தார் என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தால் குடும்பமே கிறிஸ்தவக் குடும்பம் என்பதற்குச் சாட்சியாகிவிடும், தன் சான்றிதழுக்கும் வேலைக்கும் கேள்வி வரும் என்று அந்த ஒரு நாளில் அவர் அஞ்சியிருக்கக்கூடும். அப்பா கரையேற்றிவிட்டது உங்கள் இருவரையும். இத்தனை குற்றச்சாட்டுகளுக்கு நடுவில், அவரும் இரவில் தூங்குகிறாரா என்று நீங்கள் இதுவரை கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.