சுழலாத காற்றுமானி: கேள்வி பதில்

உடுமலைப் பக்கம் காற்றாலைகளுக்குக் காற்றுமானி மாட்டுவது என் தொழில். கிண்ணம் சுற்றாமல், காதுக்குக் கேட்காத ஒலியால் காற்றை அளக்கும் அல்ட்ராசோனிக் வகை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

ஏனுங்ண்ணா, கொச்சியில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். கிண்ணக் காற்றுமானி அடிக்கடி மக்கர் பண்ணுது. அல்ட்ராசோனிக் வாங்கலாமுங்களா? (கோவை)

தாராளமாக வாங்கலாம் தம்பி. உப்புக்காற்றில் முதலில் போவது பேரிங்தான். இதில் பேரிங்கே கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒலி போய் வரும், அவ்வளவுதான். முனைகளுக்கு இடையே 15 செ.மீ., காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு போகும் ஒலி 0.429 மில்லி விநாடியில் சேரும், எதிர்த்து வருவதற்கு 0.455 ஆகும். அந்த வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. இரு பக்கமும் அளப்பதால் வெயில் ஏறி இறங்கினாலும் கணக்கு கெடாது. குறுக்கே இன்னொரு ஜோடி இருந்தால் திசையும் வந்துவிடும்.

படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு என்எம்இஏ என்று பெயர். உங்கள் படகில் அளவு காட்டும் திரை என்எம்இஏ 0183ஆ, 2000ஆ என்று முதலில் பாருங்கள். இரண்டும் நேராக ஒட்டாது, நடுவே கன்வெர்ட்டர் வேண்டும். சோலார் வயர்லெஸ் வகைக்கு உச்சி வரை வயர் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி செத்தால் பாய்மரம் ஏறணும். அப்புறம், எஞ்சின் போட்டு 5 நாட் (கடலில் வேகத்துக்கான அளவு) வேகத்தில் காற்றுக்கு நேரெதிரே போனால், 10 நாட் காற்றை 15 என்று காட்டும். கருவியைத் திட்டாதீர்கள், படகின் வேகத்தைக் கழியுங்கள். பறவை உட்காராத முள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த பிராண்ட் பெஸ்ட்?

எதற்கு, எங்கே என்று சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை.

ஆழியாறு பக்கம் தோப்புக்குள் பத்தடிக் கம்பத்தில் வைக்கலாமா?

தென்னை கிளப்புகிற சுழலைத்தான் அளப்பீர்கள். திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் வையுங்கள். முள் முக்கியம், காக்கா விடாது.

மழையில் இது உளறும். கிண்ணம்தான் நம்பகம். (பல்லடத்து மாமா)

பாதி சரிங்க மாமா. முனையில் துளி நின்றால் மட்டமான கருவி உளறும். நல்லது அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடும். வேகம் 10 சதவீதம் கூடினால் காற்றின் சக்தி 33 சதவீதம் கூடும் என்பதால், காற்றாலைக் கணக்குக்கு நன்றாகக் கேலிபரேட் செய்த, அதாவது அளவு சரிபார்த்த கிண்ணத்தை நானும் நம்புகிறேன். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று குபீர் குபீரென்று வரும்போது கிண்ணம் சட்டென்று வேகம் பிடிக்கும், மெதுவாகத்தான் இறங்கும். சராசரி கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

அப்போ நாங்கள் இத்தனை காலம் அளந்ததெல்லாம் தப்பா?

அப்படிச் சொல்லலைங்க மாமா. படகுக்காரருக்குச் சராசரி எதற்கு? இந்த நொடியில் காற்று எந்தப் பக்கம் என்பதுதான் வேண்டும். அலையில் பாய்மரம் ஆடுவது எந்தக் கருவியிலும் சேரும். கிண்ணத்தோடு வருகிற, திசை காட்டும் வால் தன் எடையாலும் இன்னும் ஆடும்.

விலை? எது பெஸ்ட்?

மேலே படியுங்கள்.

கிண்ணம் கிண்ணம்தான். (அதே மாமா)

சரிங்க மாமா. உங்கள் கிண்ணத்துக்குக் கடைசியாகக் கேலிபரேஷன் செய்தது எந்த வருஷம்? அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.