வெயிலுக்காக வருகிறீர்களா, பேரப்பிள்ளைகளுக்காகவா?

கேள்வி: நானும் என் கணவரும் 31 ஆண்டுகளாக ஷார்ஜாவில் வசிக்கிறோம். எனக்கு 61 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். கணவர் இன்னும் வேலையில் இருக்கிறார். ஒரே மகளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 9 வயதில் ஒரு பேத்தி, 5 வயதில் ஒரு பேரன். இங்கே வெயில் தாங்காமல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். மகள் ஆசிரியை. காலையில் பிள்ளைகளோடு கிளம்பினால் மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். பிள்ளைகள் உடனே டியூஷனுக்குப் போய்விடுவார்கள். பகலெல்லாம் வீட்டில் நானும் மதினியும் (மகளின் மாமியார்) மட்டும்தான். சென்ற ஆண்டு யாரோ விசாரித்ததற்கு, "அங்கே வெயில் ஆரம்பித்தால் இங்கே வந்துவிடுவார்கள்" என்று மதினி சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. இந்த ஆண்டு போவதா, வேண்டாமா? ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக்குப் போனால் நன்றாக இருக்குமா? பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதால், வேறு எங்கும் தங்க வழியில்லை.
— ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்: அன்புள்ள அம்மா, கட்டாயம் போங்கள். எப்போது போவது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்ற இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். வெயிலுக்காக வருகிறீர்கள் என்று மதினி சொன்னது பொய்யில்லை, அதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. ஷார்ஜாவின் ஜூலை, ஆகஸ்டில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். இரவிலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் வியர்வை காயவே காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அறுபதைக் கடந்தவர்களுக்குத் தாகம் மந்தப்பட்டு, வியர்ப்பதும் குறைவதால், உடம்பில் நீர் வற்றுவது தெரிவதற்குள் தலைசுற்றல் வந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீங்கள் எடுப்பது நீர் பிரியும் மாத்திரையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். திடகாத்திரமான தொழிலாளிகளையே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகம் சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே, "ஆமாம் மதினி, அங்கே என்னால் முடியவில்லை" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாம் மறைக்கிற காரணத்தைப் பிறர் சொன்னால் குத்தும். நாமே முந்திச் சொல்லிவிட்டால் அது வெறும் செய்திதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. "பகலெல்லாம் நானும் மதினியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் காலை எட்டு மணிக்கு வெளியே போகிறாள்; மாலை வரை அந்த வீட்டில் உங்களுக்குக் காபி கலந்து தருபவரும், மத்தியானம் உங்களுக்காக உப்பைக் குறைத்துச் சமைப்பவரும், நீங்கள் கண்ணயரும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பவரும் மதினிதான். உண்மையில் நீங்கள் இரண்டு மாதம் தங்குவது அவருடைய விருந்தாளியாக. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையாவது அவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்தீர்களா? மகளிடம் தேதி சொல்லியிருப்பீர்கள், மகள் மாமியாரிடம் சொல்லியிருப்பாள். அந்த அம்மாவுக்கு அது சேதியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் சொன்ன வாக்கியத்தில் குறையிருந்தால், அது உங்கள் வருகையைப் பற்றியதாக இருக்காது, தன்னை யாரும் கேட்கவில்லை என்பதைப் பற்றியதாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, காலம். வளைகுடாவிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் பலரும் செய்யும் பிழை இது: அங்கே பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காக ஏப்ரலிலேயே வந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் தென்காசியும் காயும். நீங்கள் ஷார்ஜா திரும்பும்போது அங்கே வெயில் உச்சத்துக்குப் போயிருக்கும். மே 20 வாக்கில் புறப்படுங்கள். விடுமுறையில் பத்துப் பதினைந்து நாள் பிள்ளைகள் முழுக்க உங்கள் கையில் இருப்பார்கள். ஜூன் முதல் வாரத்தை ஒட்டிப் பருவமழை கேரளத்தில் இறங்க, குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் வரத் தொடங்கும். அதே சமயத்தில் பள்ளியும் திறக்கும். அந்த முதல் வாரத்தைத் தவறவிடாதீர்கள். புது நோட்டுகளைத் தரையில் பரப்பி, பழுப்புத் தாளை மடித்து அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு மாலை நேரம், நீங்கள் வாங்கிப் போகும் எந்தச் சாக்லேட் டப்பாவையும்விடப் பேத்தியின் மனதில் நிற்கும். உங்கள் கையெழுத்தில் எழுதிய அவள் பெயரை ஆண்டு முழுவதும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தத் தேதியில் வேறு வசதியும் உண்டு. அமீரகப் பள்ளிகள் மூடும் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் ஊருக்கு வரும் விமானக் கட்டணமும், அவை திறக்கும் ஆகஸ்ட் கடைசியில் திரும்பும் கட்டணமும் எப்படி ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டுக்கும் நீங்கள் முந்திக்கொள்வீர்கள். ஆடிப்பெருக்கு முடிந்ததும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்பலாம். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கு அடிவானத்தில் சுஹைல் என்ற விண்மீன் தெரிந்தால் வெக்கை இறங்கத் தொடங்கும் என்பது அரேபியர்களின் கணக்கு. ஆக மூன்று வாரம் வீட்டுக்குள் ஏசியில் சமாளித்தால் போதும். அதே விண்மீனைத்தான் நாம் அகத்தியர் என்கிறோம், அவருடைய பொதிகையோ உங்கள் மகள் ஊருக்குத் தெற்கே நிற்கிறது! 31 ஆண்டு இரண்டு ஊருக்கும் நடுவே வாழ்ந்தவர் நீங்கள். பேரனிடம் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

அடுத்து, பூட்டிக் கிடக்கும் அந்த வீடு. வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வழியாகத் தெரிகிறது. ஒரே வீட்டில் எழுபது நாள் தொடர்ந்து தங்குவது பெற்ற மகள் வீட்டிலேயே பாரம், சம்பந்தி வீட்டில் சொல்லவே வேண்டாம். உங்கள் கணவருக்கு ஆண்டு விடுப்பு 30 நாள் இருக்குமே; அதில் பாதியையாவது ஜூலையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீண்ட கடிதத்தில் அவருக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நீங்கள் வந்துவிட்ட பிறகு அந்த வெக்கையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் அவர் அல்லவா? இருவருமாக இரண்டு வாரம் பாளையங்கோட்டை வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மோட்டாரைச் சரிபார்த்துக் குடியிருங்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். சனி, ஞாயிறில் பிள்ளைகள் வரட்டும். அவர்களோடு மதினியையும் அழையுங்கள். இத்தனை ஆண்டுகளாக உங்களுக்கு இலை போட்டவருக்கு, உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து நீங்கள் சொதியும் இஞ்சித் துவையலும் பரிமாறுங்கள். இரண்டு நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

தென்காசியில் இருக்கும் நாட்களில் அடுப்படியில் ஒரு வேலையை மட்டும் உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கை நீட்டினால் அது அவர் சமையலைத் திருத்துவதுபோல் ஆகிவிடும். மாலைப் பலகாரம் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால், டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் அந்த இருபது நிமிடம் உங்களோடு இருப்பார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். 180 நாளுக்கு மேல் தொடர்ந்து அமீரகத்துக்கு வெளியே இருந்தால்தான் குடியிருப்பு விசாவுக்குச் சிக்கல், உங்கள் கணக்கு அதற்கு வெகு தூரம். காப்பீட்டு அட்டை இந்தியாவில் செல்லுமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஊருக்கு வந்ததும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். திரும்பும்போது மாத்திரைகளோடு மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளை அங்கே கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள், யார் கொடுத்தாலும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அருவிக்குப் போனால் பாறை வழுக்கும். பேரனைப் புலியருவிக்கு அழைத்துப் போங்கள், அதுவே சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

இன்று மாலையே மதினிக்குத் தொலைபேசியில் பேசுங்கள், மகளிடம் சொல்வதற்கு முன்னால். "மே கடைசியில் வரலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குத் தோதுப்படுமா மதினி?" என்று கேளுங்கள். அவர் ஏதாவது தேதியை மாற்றச் சொன்னால், காரணம் கேட்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட்டை நாளைக்கு எடுக்கலாம்.